ஆர்லாண்டோவிலிருந்து கப்பல் துறைமுகத்துக்கு வண்டி ஏற்பாடு செய்யப் போகிறவர்களுக்கு: 340 டாலரைத் தொலைத்தவள் எழுதுகிறேன்

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரிதான் டாலஸில் வீடு வந்து சேர்ந்தோம். பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நானும் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன். இப்படி ஒவ்வொருவராக விட்டுவிட்டதால்தான் வேன் அனுப்புவதாகப் பணம் வாங்கி ஏமாற்றியவர்கள் கடை இன்னும் நடக்கிறது. போனது 340 டாலர். ஃப்ளோரிடாவில் கப்பல் ஏறப்போகும் நம் ஆட்கள் நாலு பேர் படித்தாலும் போதும். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. கப்பல் பயணிகளுக்கென்றே வேன் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லும் ஓர் இணையதளம், அவர்கள் கைகாட்டிய ஒரு வேன் கம்பெனி, அவ்வளவுதான் இப்போதைக்கு.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், எட்டு வயது மகன், கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா. கொரோனா தடுப்பூசி போட்டவர்கள் வெளிநாட்டிலிருந்து வரலாம் என்று 2021 நவம்பர் 8-ஆம் தேதி அமெரிக்கா திறந்துவிட்டதும் அவர்களுக்கு டிக்கெட் போட்டோம். அப்பா பேரனைப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்பாவுக்கு வயது 71, சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு வீசிங். அவர்களை ஒரு தடவையாவது கப்பலில் ஏற்றிக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. டிசம்பர் 20, போர்ட் கனாவெரல் துறைமுகத்திலிருந்து நான்கு இரவு. ஏறுவதற்கு முந்தைய இரண்டு நாளுக்குள் எடுத்த கொரோனா சோதனையில் ஐந்து பேருக்கும் நெகட்டிவ் வந்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. வந்தது. ஆனால் ஓமிக்ரான் அந்த வாரம்தான் கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தது. போகிற வழியில் யாரிடமாவது அம்மாவுக்குத் தொற்றிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. அந்தப் பயத்தைத்தான் அவர்கள் காசாக்கினார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆர்லாண்டோ விமான நிலையத்தில் இறங்கினால் துறைமுகம் பக்கத்தில் இல்லை. சுமார் 45 மைல், பீச்லைன் என்கிற சுங்கச் சாலையில் முக்கால் மணி நேரத்துக்குமேல் ஓட வேண்டும். கப்பல் கம்பெனியே பஸ் விடுகிறது, ஆனால் ஐம்பது பேரோடு அடைந்துகொண்டு போக வேண்டும். வாடகைக் கார் பார்த்தேன். 2020-ல் ஓட்டம் இல்லாமல் வாடகை நிறுவனங்கள் கார்களை விற்றுத் தள்ளிவிட்டதால் அப்போதும் தட்டுப்பாடு, விலை கேட்டாலே தலை சுற்றியது. செயலியில் கூப்பிடும் சாதாரணக் காரில் அப்போதைய கொரோனா விதிப்படி முன் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது, பின்னால் மூன்று பேர்தான் என்று இருந்தது. ஐந்து பேர், ஆறு பெட்டி என்றால் பெரிய வண்டி கிடைக்கும்வரை காத்துக் கிடக்க வேண்டியிருந்தது.

அப்படித் தேடும்போதுதான் இந்த இணையதளம் கண்ணில் பட்டது. வேன் படம், டிரைவருக்கும் பயணிகளுக்கும் நடுவில் பிளாஸ்டிக் திரை, "உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனி வண்டி" என்று பெரிய எழுத்து. ஆளுக்கு ஒரு வழிக்கு 34 டாலர். ஐந்து பேர், போக வர 340 டாலர், முழுவதும் முன்பணம். நான் பார்த்த உடனே கட்டிவிடவில்லை. போன் போட்டேன். ஒரு பெண்மணி எடுத்தார். அவ்வளவு பொறுமையாகப் பேசினார். அப்பாவுக்கு என்ன வயது, படி ஏற முடியுமா, அம்மாவுக்கு இன்ஹேலர் கையில் இருக்கிறதா என்று அவராகவே கேட்டார். டிரைவர் மூன்றாவது ஊசியும் போட்டவர், ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவார், ஒவ்வொரு சவாரிக்கும் முன்னால் சீட்டைத் துடைப்போம் என்றார். நான் இன்னும் தயங்குவதைப் பார்த்து, "எனக்கும் உங்கள் அம்மா வயதில் ஒரு அம்மா இருக்கிறார். அவரை எப்படி அனுப்புவேனோ அப்படித்தான் உங்கள் அம்மாவையும் அனுப்புவேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கார்டில் கட்டினால் 5 சதவீதம் கூட ஆகும், வங்கிக் கணக்கிலிருந்து வேன் கம்பெனிக்கே நேராக அனுப்பிவிட்டால் அது மிச்சம் என்றார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு போனில் இருந்தபடியே அனுப்பினேன். 17 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் 340 டாலரைக் கொடுத்தேன். கணவர் அப்போதே "கார்டிலேயே கட்டிடலாமே" என்றார். நான் கேட்கவில்லை.

20-ஆம் தேதி காலை ஒன்பதரைக்கு ஆர்லாண்டோவில் இறங்கினோம். 10:15-க்கு முதல் தளத்தில், பி பக்கம், வெள்ளை வேன், என் பெயர் எழுதிய அட்டையோடு டிரைவர் நிற்பார் என்று குறுஞ்செய்தி வந்திருந்தது. பத்து மணிக்கே போய் நின்றுவிட்டோம். வெள்ளை வேன்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மகன் "அம்மா, இதுவா?" என்று ஓடுவான். பத்தரைக்கு அழைத்தேன். "ட்ராஃபிக், பத்து நிமிஷம்." பத்தே முக்காலுக்கு அழைத்தேன். "டிரைவர் வந்துவிட்டார், நீங்கள்தான் அங்கே இல்லை, ஏ பக்கம் போங்கள்." அந்த விமான நிலையத்தில் ஏ பக்கம், பி பக்கம் என்று கட்டடத்தின் இரண்டு ஓரங்கள். ஆறு பெட்டியோடு லிஃப்டில் ஏறி, உள்ளே குறுக்கே நடந்து, மறுபடி இறங்கினோம். அங்கேயும் யாரும் இல்லை. திரும்ப அழைத்தால், "இல்லை இல்லை, பி பக்கம்தான்." மறுபடி அதே நடை. அப்பா ஒன்றும் சொல்லாமல் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

பதினொன்றரைக்கு மேல் போனை எடுக்கவே இல்லை. "கொரோனா காரணமாக அழைப்புகள் அதிகம், காத்திருக்கவும்" என்ற பதிவுக் குரல், பிறகு பாட்டு, பிறகு கட். அப்பா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து கழற்றாத முகக்கவசம் மூச்சுக்காற்றில் நனைந்து மூக்கோடு ஒட்டியிருந்தது. அம்மா கைப்பையிலிருந்து எலுமிச்சை சாதத்தை எடுத்து, ஓரமாகத் திரும்பி நின்று, கவசத்தைக் கீழே இழுத்து அவருக்கு நாலு வாய் கொடுத்தாள். சர்க்கரை இறங்கிவிடக் கூடாதே என்று. "ஏம்மா, வண்டி வந்துடுச்சா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கணவர்தான் "இதோ வந்துடும் மாமா, நீங்க சாப்பிடுங்க" என்று சமாளித்தார்.

அங்கே வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஊழியரிடம் கம்பெனி பெயரைக் காட்டினேன். அவர் கையில் இருந்த பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். விமான நிலைய நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிய வண்டிகள்தான் உள்ளே வந்து ஆள் ஏற்ற முடியுமாம். இந்தப் பெயர் அதில் இல்லவே இல்லை. இந்த மாதத்தில் இதே பெயரைக் காட்டி என்னிடம் கேட்கும் மூன்றாவது குடும்பம் நீங்கள் என்றார். எனக்குக் கை நடுங்கியது.

கப்பல் நாலு மணிக்குக் கிளம்பும், எங்களை ஏற்றிக்கொள்வது இரண்டரை வரைக்கும்தான். புறப்பட ஒரு மணி நேரம் முன்னாலேயே பயணிகள் பட்டியலை அரசாங்கத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால் அதில் யாருக்கும் கருணை கிடையாது. மணி 12:35. டாக்சி வரிசைக்கு ஓடினோம். ஹெய்ட்டிக்காரர், வயதானவர், பெரிய வேன் வைத்திருந்தார். நாங்கள் கேட்காமலேயே இரண்டு பக்கமும் கண்ணாடியை இறக்கினார். கிருமிநாசினி பாட்டிலை முதலில் அம்மாவிடம் நீட்டினார். மீட்டர், சுங்கம், டிப்ஸ் எல்லாம் சேர்த்து 165 டாலர். ஒரு டாலர்கூட எனக்கு உறுத்தவில்லை. கடைசிப் பாலத்தில் ஏறும்போது தூரத்தில் கப்பலின் புகைக்கூண்டு தெரிந்ததும் மகன் கத்தினான். அப்பா அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

இரண்டாவது தடவையும் ஏமாந்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும். கப்பலில் காசு கட்டி இணைய இணைப்பு வாங்கி அவர்களுக்கு எழுதினேன். மூன்று மணி நேரத்தில் பதில். மேலாளராம். டிரைவருக்கு அன்று காலை கொரோனா பாசிட்டிவ், மாற்று ஆள் அனுப்ப முடியவில்லை, மிகவும் வருந்துகிறோம், திரும்பும் பயணத்தை நானே நேரில் பார்த்துக்கொள்கிறேன், போகும்போது வராத வண்டிக்கான பாதிப் பணமும் வந்துவிடும் என்று நீளமாக எழுதியிருந்தார். பாசிட்டிவ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் கோபம் வடிந்துவிட்டது. பாவம், அந்த டிரைவர் எப்படி இருக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். கணவர் வேறு வண்டி போட்டுவிடலாம் என்றார். ஏற்கெனவே கட்டியதில் 170 டாலர் இன்னும் இருக்கிறதே என்று நான்தான் தடுத்தேன்.

24-ஆம் தேதி காலை எட்டரைக்கெல்லாம் இறங்கி வெளியே வந்துவிட்டோம். ஒன்பது மணிக்கு வண்டி. வரவில்லை. "நானே நேரில் பார்த்துக்கொள்கிறேன்" என்றவரின் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஊரெல்லாம் ஊழியர்களுக்குத் தொற்று வந்து நூற்றுக்கணக்கில் விமானங்கள் ரத்தாகிக்கொண்டிருந்த நாள். எங்கள் விமானம் ஒரு மணிக்கு, அது ரத்தாகவில்லை என்பது ஒன்றுதான் நல்ல செய்தி. பத்தேகாலுக்கு ஒரு வேன்காரர் 190 டாலர் கேட்டார், பேரம் பேசாமல் ஏறினோம். பாதுகாப்புச் சோதனை வரிசையில் அப்பாவை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கவைக்க வேண்டியதாகிவிட்டது. எதற்குப் பயந்து தனி வண்டிக்குப் பணம் கட்டினேனோ அதற்கு நடுவிலேயே நின்றோம். அம்மாவுக்கு நேற்றிலிருந்து லேசான இருமல். நாளைக்குச் சோதனை எடுக்கப் போகிறோம். நெகட்டிவாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பணத்தைக் கேட்டேன். இணையதளத்துக்காரர்கள், "பணம் எங்களிடம் வரவில்லை, வேன் கம்பெனியிடம் கேளுங்கள்" என்கிறார்கள். வேன் கம்பெனி, "பதிவு அவர்கள் மூலம் நடந்தது, அவர்களிடம் கேளுங்கள்" என்கிறது. மூன்றாவது தடவை கேட்டதும் வேறு கதை: இரண்டு நாளும் டிரைவர் வந்தார், நீங்கள் அந்த இடத்தில் இல்லை, வராத பயணிக்குப் பணம் திரும்பக் கிடையாது. நான் அந்த இடத்திலேயே நின்று எடுத்த படங்களை, நேரத்தோடு அனுப்பினேன். பதில் இல்லை. முதலில் பேசிய பெண்மணியைக் கேட்டேன். அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லையாம். வங்கியில் கேட்டால், நீங்களாக அனுப்பிய பணம், நாங்கள் திருப்ப முடியாது என்று இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், தராத சேவைக்கு அறுபது நாளுக்குள் மறுப்புத் தெரிவித்துப் பணத்தைக் கேட்க வழி உண்டு. அந்த வழியை அடைப்பதற்குத்தான் 17 டாலர் தூண்டில் என்று இப்போது புரிகிறது. 340 டாலர் அவர்களிடம், மேற்கொண்டு 355 டாலர் எங்கள் கையிலிருந்து.

எழுத வேண்டியது இன்னும் இருக்கிறது, ஆனால் பிள்ளை தூங்கக் காத்திருக்கிறான். சுருக்கமாக: வண்டிக்கு கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும். கம்பெனிக்கு விமான நிலைய அனுமதி உண்டா என்று விமான நிலையத்துக்கே அழைத்துக் கேளுங்கள். போக, வர இரண்டுக்கும் சேர்த்துக் கட்டாதீர்கள். முடிந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள். பேச்சு இனிமையாக இருந்தால் உஷாராகுங்கள். ஃப்ளோரிடாவில் நுகர்வோர் புகாரை அந்த மாநில விவசாய, நுகர்வோர் சேவைத் துறை வாங்குகிறது, நான் நேற்று பதிவு செய்துவிட்டேன், ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நீங்களும் போடுங்கள்.

நேற்று ராத்திரி அப்பா சமையலறைக்கு வந்து, ஊரிலிருந்து மாற்றிக்கொண்டு வந்த டாலரில் முந்நூற்று நாற்பதை எண்ணி மடித்து என் கையில் வைத்தார். "எங்களுக்காகத்தானேம்மா அந்த வண்டி போட்டே. ஊர் காசுக்கு இருபத்தஞ்சாயிரம் ஆகுதே" என்றார். திருப்பி அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு வந்தேன். நாளை காலை ஒன்பது மணிக்கு அந்தக் கம்பெனிக்கு மறுபடி போன் போடுவேன்.