முழுத் தர்பூசணியா, நறுக்கி டப்பாவில் வைத்ததா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணத்துக்கு வரலாம். வீட்டில் நாலைந்து பேர் இருந்தால் முழுப் பழம் வாங்குங்கள். ஒருவர் இருவர்தான் என்றால், கண்ணெதிரே வெட்டித் தருகிற கால் பழம். சதுரம் சதுரமாக நறுக்கி டப்பாவில் அடைத்து விற்பதற்கு என் கணக்கில் மூன்றாவது இடம்தான், அதற்கும் சில வேளைகளில் நியாயம் இருக்கிறது என்பதால் அடியோடு ஒதுக்கவில்லை.

நறுக்கி வைத்த பழம் வேண்டாம் என்று யாராவது சொன்னால், உடனே "ஆமாம், சத்தெல்லாம் போயிடும்" என்று இன்னொருவர் சேர்த்துக்கொள்வார். தர்பூசணி விஷயத்தில் அது பெரிய காரணமே இல்லை. நறுக்கிய துண்டுகளை 5 டிகிரி குளிரில் 6 நாள் வைத்துச் சோதித்ததில் வைட்டமின் சி குறைந்தது 5 சதவீதத்துக்குள்தான். அதே சோதனையில் முலாம்பழத் துண்டுகள் 25 சதவீதம் வரை இழந்தன. ஆக, குளிரில் ஒழுங்காக வைத்த டப்பாவில் சத்து இருக்கத்தான் செய்கிறது. முழுப் பழத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் லாபம் உண்டு, வெட்டாமல் 21 டிகிரி வாக்கில் வெளியே வைத்திருந்தால் அந்தச் சிவப்பு நிறத்தைக் கொடுக்கிற லைகோபீன் பறித்தபோது இருந்ததைவிடக் கூடுகிறது, 11 முதல் 40 சதவீதம் வரை கூடியதாக ஆய்வு உண்டு. பிரிட்ஜில் வைத்தால் அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

உண்மையான பிரச்சினை புளிப்பு இல்லாததுதான். ஆரஞ்சு, திராட்சை, அன்னாசி எல்லாம் புளிப்புள்ளவை, நோய்க் கிருமிகள் அவற்றில் எளிதில் பெருகுவதில்லை. புளிப்பை அளக்கிற எண் பிஎச், அது கூடக் கூடப் புளிப்பு குறைவு என்று அர்த்தம். 4.6 பிஎச்சுக்கு மேலே போனால் அந்தக் காவல் போய்விடும், தர்பூசணியோ 5-ஐத் தாண்டி நிற்கிறது. அதோடு தண்ணீர் 90 சதவீதத்துக்கும் மேல், சர்க்கரையும் இருக்கிறது, கிருமிக்கு இதைவிட என்ன வேண்டும்? அதனால்தான் அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிகளில் வெட்டிய தர்பூசணியும் முலாம்பழமும் பால், இறைச்சி இருக்கிற பட்டியலிலேயே வருகின்றன: 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். வெளியே இருந்தால் வீட்டில் 2 மணி நேரம்தான் கணக்கு, 32 டிகிரிக்கு மேல் கொளுத்துகிற நாளில் 1 மணி நேரம்.

இது ஏட்டில் இருக்கிற எச்சரிக்கை மட்டும் இல்லை. 2018-இல் அமெரிக்காவில் நறுக்கி விற்ற தர்பூசணி, முலாம்பழ வகைகளால் 9 மாநிலங்களில் 77 பேருக்கு, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தருகிற சால்மொனெல்லா என்கிற கிருமியின் தொற்று வந்தது, அடுத்த ஆண்டே மறுபடியும் அதே மாதிரி பழங்களால் 10 மாநிலங்களில் 137 பேருக்கு. கிருமி பழத்துக்குள் முளைப்பதில்லை. மண்ணில் கிடந்த தோலில் இருக்கிறது, கத்திதான் அதை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான பழங்களை ஒரே பலகையில் நறுக்கும்போது, ஒரு பழத்தின் தோலில் இருந்தது எத்தனை டப்பாக்களுக்குப் போகும் என்று பாருங்கள். நறுக்குகிறவர் கை சுத்தமாகவே இருக்கலாம், என் குறை அவர் மேல் இல்லை. இந்த முறையில் ஒரு தப்பு நடந்தால் அது ஒரு வீட்டோடு நிற்காது என்பதுதான் குறை. வீட்டில் வெட்டினாலும் தோலைக் கழுவாமல் வெட்டினால் இதே கதைதான்! தோலைத் தின்னப் போவதில்லையே என்று நிறைய பேர் கழுவுவதில்லை. ஓடுகிற தண்ணீரில் பிரஷால் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்துவிட்டு வெட்டுங்கள். சோப்பு வேண்டாம்.

சரி, ருசி. டப்பாப் பழம் எனக்குப் பிடிக்காமல் போனதற்கு முக்கியக் காரணம் இதுதான். நறுக்கிய உடனே சாறு கசியத் தொடங்கும், துண்டு சின்னதாக ஆக ஆக அதிகம் கசியும், சில மணி நேரத்தில் மேலே இருக்கிற துண்டு மட்டும் மொறுமொறுப்பாகவும் அடியில் கிடப்பது ஊறிச் சொதசொதவென்றும் ஆகிவிடும். இன்னொன்று, தர்பூசணியில் நடுப்பகுதிதான் அதிக இனிப்பு, தோலை நோக்கிப் போகப் போக இனிப்பு இறங்கும். முழுப் பழமோ கீற்றோ கையில் இருந்தால் நீங்களே எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யலாம். டப்பாவில் வெளிறிய ஓரத்துண்டுகள் எத்தனை இருக்கின்றன என்பது திறந்த பிறகுதான் தெரியும், ஏனென்றால் நல்ல சிவப்புத் துண்டுகள் எப்போதும் மேலேதான் உட்கார்ந்திருக்கும்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பாருங்கள். சாறு தேங்கியிருந்தால், துண்டின் ஓரங்கள் கண்ணாடி மாதிரி தெரிந்தால் வைத்துவிடுங்கள். டப்பா எல்லாப் பக்கமும் சில்லென்று இருக்க வேண்டும். ஐஸ் மேலே அடுக்கி வைத்து அடி மட்டும் குளிர்ந்து மேலே வெதுவெதுப்பாக இருப்பது அலங்காரம்தான், பாதுகாப்பு இல்லை. திறந்ததும் புளித்த வாடை வந்தால், தொட்டால் வழவழப்பாக இருந்தால், ருசி பார்க்கவே வேண்டாம்.

முழுப் பழத்தின் ஒரே பலவீனம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பறித்த பிறகு தர்பூசணி மேலும் இனிக்காது, வாழைப்பழம் மாதிரி வீட்டில் வைத்துப் பழுக்க விடலாம் என்கிற பேச்சே கிடையாது, அதனால் தேர்ந்தெடுக்கும்போதே சரியாக எடுத்துவிட வேண்டும். நான் முதலில் பார்ப்பது தரையில் படிந்து கிடந்த அந்தத் திட்டை. வெண்ணெய் நிறமோ நல்ல மஞ்சளோ என்றால் கொடியிலேயே போதுமான நாள் கிடந்திருக்கிறது, வெள்ளையாகவோ வெளிர் பச்சையாகவோ இருந்தால் அவசரமாகப் பறித்தது. அடுத்தது எடை: ஒரே அளவில் இரண்டு பழம் இருந்தால் கனமானது. மேல்தோலில் பளபளப்பு குறைந்திருப்பதும் நல்ல அறிகுறிதான். தட்டிப் பார்ப்பதைப் பற்றிப் பெரிய நிபுணர் மாதிரி பேசுவார்கள், எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஆழமான ஒலி வந்தால் நல்லது, மந்தமாக 'தொப்' என்றால் முற்றிப்போய் உள்ளே மாவாகியிருக்கலாம், இந்த இரண்டு ஓரங்கள்தான் காதுக்குத் தெளிவாகப் பிடிபடும். நீளமானது ஆண் பழம், உருண்டையானது பெண் பழம், அதுதான் இனிக்கும் என்று ஒரு கதை சுற்றுகிறதே, அதை விட்டுத்தள்ளுங்கள். தர்பூசணி பொதுவாகப் பெண் பூவிலிருந்துதான் வருகிறது, பழத்தில் ஆண் பெண் இல்லை, வடிவம் ரகத்தைப் பொறுத்தது.

வெட்டிப் பார்த்ததும் நடுவில் பெரிய பிளவு இருந்தால் ஊசி போட்டுவிட்டார்கள் என்று பதறி வீச வேண்டாம். மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததாலும் வளரும்போது வெயில் குளிர் மாறிமாறி வந்ததாலும் வருகிற வெடிப்பு அது, சாப்பிடலாம். நுரை வந்தால் கதை வேறு, உள்ளே நொதித்துவிட்டது என்று அர்த்தம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

விலையை ஒப்பிடும்போது பலர் கிலோவுக்குக் கிலோ பார்க்கிறார்கள், அது முழுப் பழத்துக்குச் சாதகமான கணக்கு. தோலும் அதை ஒட்டிய வெள்ளையும் சேர்ந்து எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எனவே முழுப் பழத்தின் கிலோ விலையை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள், அதுதான் நீங்கள் தின்னப்போகிற சதையின் விலை. டப்பாவின் கிலோ விலை அதற்குப் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை, வெகு தூரத்தில் இருந்தால் கத்தி பிடித்ததற்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். பழம் சின்னதாக இருந்தால் தோலின் பங்கு இன்னும் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பகுதியைப் பூசணிக்காய் மாதிரி சமைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் மாறும். ஆனால் முழுசாக வாங்கி, நாலு நாளில் பாதியைக் குப்பையில் கொட்டுகிற வீடென்றால் டப்பாதான் மலிவு, அதில் சந்தேகமே இல்லை.

வைத்திருப்பது பற்றி ஒரு விஷயம். முழுப் பழத்தை வாங்கி வந்ததும் பிரிட்ஜில் திணிக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே நாள் கணக்கில் இருந்தால் தோலில் குழி விழும், ருசி மங்கும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், பழுத்த வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்தில் வேண்டாம், அவை விடுகிற எத்திலீன் என்கிற பழுக்கவைக்கும் வாயு தர்பூசணியின் சதையைத் தளர்த்திவிடும். சாப்பிடுவதற்குச் சில மணி நேரம் முன்பு குளிரவைத்தால் போதும். வெட்டிவிட்டால் எல்லாம் மாறிவிடும், மூடி பிரிட்ஜில்தான், மூன்று நான்கு நாளுக்குள் முடிக்க வேண்டும். மீதியைத் தோலோடு பெரிய துண்டாகவே வைத்து, வேண்டும்போது நறுக்குங்கள்.

கால் பழத்தை ஏன் இவ்வளவு தூக்கிப் பேசுகிறேன் என்றால், முழுப் பழத்தின் சூதாட்டமும் டப்பாவின் மர்மமும் இரண்டுமே அதில் இல்லை. நிறம் தெரிகிறது, விதை கறுத்திருக்கிறதா என்று தெரிகிறது, முக்கியமாக எப்போது வெட்டினார்கள் என்று தெரிகிறது. ஆனால் நீங்கள் நிற்கும்போது வெட்ட வேண்டும். காலையிலேயே வெட்டி, வெளியிலேயே ஈ மொய்க்க வைத்த பாதியோ, பிளாஸ்டிக் தாள் சுற்றி வெயில் படுகிற இடத்தில் அடுக்கியதோ வேண்டாம். "புதுசா ஒண்ணு வெட்டுங்க" என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை, அதற்குத் தயங்குகிற கடையில் கத்தி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டப்பாவை நான் யாருக்குப் பரிந்துரைப்பேன்? ஏழெட்டு கிலோ பழத்தைத் தூக்க முடியாத பெரியவர்களுக்கு, கைவலி உள்ளவர்களுக்கு, பயணத்தில் இருப்பவர்களுக்கு, வேலை இடைவேளையில் ஏதாவது குளிர்ச்சியாகத் தின்ன வேண்டியவர்களுக்கு. அவர்களுக்கு அது நல்ல சரக்குதான், சின்ன டப்பாவாக எடுத்து வாங்கிய இடத்திலேயே சாப்பிட்டு முடித்துவிடலாம். மீதியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏற மட்டும் வேண்டாம்.