ரைன்ஷ்டைக் நடைக்கு முன்பணம் கட்டுமுன் அறை எந்தக் கரையில் என்று பாருங்கள்

ஜெர்மனியில் பான் நகரிலிருந்து வீஸ்பாடன் வரை, ரைன் நதியின் வலக்கரை மலைகளையும் காடுகளையும் கோட்டை ஊர்களையும் தொட்டுப் போகிற 320 கிலோமீட்டர் பாதை ரைன்ஷ்டைக். "பத்தே நாளில் முழுப் பாதை, பாதையோரத்திலேயே அறை, பெட்டியும் வந்து சேரும்" என்று ஓர் ஏஜென்சி எங்கள் குழுவிடம் பணம் வாங்கியது. மூன்றில் பெட்டி மட்டும்தான் சொன்னபடி வந்தது.

பெரிய ஏமாற்று அறையில்தான். வழியிலுள்ள கோப்லென்ஸ் நகரைத் தாண்டினால் வீஸ்பாடனை நெருங்கும்வரை ரைனுக்குக் குறுக்கே ஒரு பாலம்கூடக் கிடையாது. அக்கரை போகப் படகுதான். எங்களுக்குப் போட்ட அறைகளோ இடக்கரையில்! வலக்கரையில் காவுப் ஊரில் நடை முடிகிற நாளுக்கு, எதிர்க்கரையில் பாஹராஹ் ஊரில் அறை. வரைபடத்தில் இரண்டும் அடுத்தடுத்த ஊர்கள்தான். ஆனால் அன்றைய நடையே வலக்கரை ஊரான சாங்க்ட் கோர்ஸ்ஹவுசனிலிருந்து காவுப் வரை 20 கிலோமீட்டருக்கு மேல். லோரலைப் பாறைக்கு ஏறி, ஓடைப் பள்ளங்களில் திரும்பத் திரும்ப இறங்கி ஏற வேண்டும். ஊருக்குள் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். காவுப் படகோ மாலையோடு நின்றுவிடும், குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம். படகைப் பிடித்தாலும் அது இறக்கிவிடும் இடத்தில் ஊர் இல்லை. பாஹராஹுக்கு நெடுஞ்சாலையோரமாக இன்னும் சில கிலோமீட்டர். படகுக் கட்டணமும் நம் தலையில்.

வலக்கரை ஊர்கள் சின்னவை, அறைகள் குறைவு. கோடையில் வாணவேடிக்கை நடக்கும் சனிக்கிழமைகளிலும், இலையுதிர் காலத்துத் திராட்சை அறுவடை வாரங்களிலும் அவை முதலில் தீர்ந்துவிடும். மிச்சமிருப்பதை எடுத்து "பாதையோரம்" என்று விற்கிறார்கள். காவுப்பில் அறை இல்லையா? சாங்க்ட் கோர்ஸ்ஹவுசனிலேயே இரண்டு இரவு தங்கலாம். நடை முடிந்ததும் வலக்கரை ரயிலில் சில நிமிடங்களில் திரும்பிவிடலாம். இதைச் சொல்லத் தெரியாத ஏஜென்சிக்கு அந்தப் பள்ளத்தாக்கே தெரியாது.

பத்து நாள் கணக்கும் பொய். நாளுக்கு 32 கிலோமீட்டர் வருகிறது. ஏற்ற இறக்கத்தோடு அதைத் தொடர்ந்து நடக்க யாராலும் எளிதில் ஆகாது. கையில் கொடுத்த தாளில் பல இடங்களில் "ரயிலில் செல்லவும்" என்றிருந்தது. முழுப் பாதைக்கு மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள்தான் விடுப்பு என்றால் கோப்லென்ஸிலிருந்து தெற்கே மட்டும் நடங்கள். மார்க்ஸ்புர்க் கோட்டை, லோரலை எல்லாம் அந்தப் பகுதியில்தான்.

பணம் கட்டுமுன் ஒவ்வொரு இரவுக்கும் விடுதியின் பெயரும் முகவரியும் எழுத்தில் வாங்குங்கள். "அல்லது அதற்கு இணையான விடுதி" என்ற வரி இருந்தால், எந்தக் கரை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஜெர்மன் நிறுவனம் மொத்தப் பயணத் திட்டமாக விற்றால், முன்பணம் வாங்குமுன்பே 'ஸிஹருங்ஸ்ஷைன்' என்ற காப்புச் சான்றிதழைத் தர வேண்டும். நிறுவனம் நொடித்துப்போனால் பணம் திரும்ப வருவது அதனால்தான். தராதவர்களுக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

அறை மாறியிருந்தால் அன்றிரவே ஏஜென்சிக்கு மின்னஞ்சல் அனுப்பி, சரிசெய்யக் கெடு வையுங்கள். படகுச் சீட்டு, டாக்சி ரசீது எதையும் எறியாதீர்கள். குறையை அங்கிருக்கும்போதே சொல்லாமல் ஊர் திரும்பியபின் கேட்டால், கட்டணக் குறைப்புக்கான உரிமை கைநழுவிப் போகலாம்.