முகாமில் காது மிஷின் வாங்குமுன் இதைப் படியுங்கள்: என் 84,000 ரூபாய் போனது

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் திருமண மண்டபங்களில் 'இலவசக் காது பரிசோதனை முகாம்' என்று தட்டி கட்டியிருப்பதைப் பார்த்து, வீட்டுப் பெரியவர்களை அங்கே அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்படி ஒரு முகாமில் நான் 84,000 ரூபாய் கொடுத்து வாங்கிய காது மிஷின்கள் இரண்டும் இப்போது அலமாரியில் கிடக்கின்றன. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று அந்த விற்பனை நிலையம் நேற்று மாலை வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பிவிட்டது. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போவதால் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பல ஊர்களில் கிளை வைத்துக்கொண்டு, மண்டபம் மண்டபமாக முகாம் போட்டுக் காது மிஷின் விற்கும் நிறுவனம் அது.

எனக்கு வயது 67. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். காது மந்தம் என்றால் சத்தமே கேட்காது என்று பலரும் எண்ணுகிறார்கள். எனக்குச் சத்தம் நன்றாகக் கேட்கும், சொல்தான் பிடிபடாது. வயது ஏறும்போது உள்காதில் உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை உணரும் நுண்ணிய செல்கள்தான் முதலில் அழிகின்றன. உயிரெழுத்தின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக வருவதால் அது காதில் விழுந்துவிடும். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பலவும் மெலிந்து, உயர்ந்த அதிர்வெண்ணில் வருவதால் அவை நழுவிவிடும். கடை, சடை, தடை, படை ஆகிய நான்கும் எனக்கு ஒரே சொல்லாகத்தான் கேட்கின்றன. எங்களுடையது பழைய வீடு. வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை எல்லாம் சேர்ந்து ஒலியைத் திருப்பி அடித்து, ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல்லை ஏற்றிவிடும்.

இதை மனத்தளவில் ஏற்றுக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. வாழ்நாள் முழுவதும் வகுப்பறையின் கடைசி வரிசையில் பேசும் பிள்ளையின் குரலைக்கூடப் பிடித்தவளுக்கு, பக்கத்தில் நிற்பவரிடம் 'என்ன சொன்னீர்கள்' என்று மறுபடி மறுபடி கேட்பது எளிதாக இல்லை. வீட்டில் எந்தப் பேச்சு எழுந்தாலும் 'அத்தைக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்' என்பது வழக்கமாகி, அந்த அப்புறம் வராமலே போகத் தொடங்கியது. சென்ற பிள்ளையார் நோன்பன்று, அந்த நோன்பின் முக்கியச் சடங்கான இழை எடுத்துக்கொள்ள என்னை அழைத்தது கேட்காமல் அடுப்படியில் நின்றிருந்தேன்; பேத்தி வந்து கையைப் பிடித்து அழைத்துச் சென்றாள். அன்றிரவே கருவி வாங்குவதென்று தீர்மானித்தேன். இவ்வளவு காலம் கழித்து ஒருவர் எடுக்கும் இந்த முடிவைத்தான் அவர்கள் மண்டபத்து வாசலில் காத்திருந்து பிடிக்கிறார்கள்.

முகாமில் என்னைச் சோதித்தவர் வெள்ளைக் கோட்டு அணிந்த இளைஞர். உடன் இருந்தவர்கள் அவரை 'டாக்டர்' என்றே அழைத்தார்கள். அவர் நாற்காலியை இழுத்து எனக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகப் பேசினார். "ஆச்சி, இத்தனை வருஷமா எவ்வளவு சிரமப்பட்டிருப்பீங்க. என்னை உங்க மகனா நெனச்சுக்கங்க" என்றார். அவர் பேசியதில் ஒரு சொல்கூட எனக்குத் தப்பவில்லை. வீட்டில் யாரும் எனக்காக அப்படி எதிரே அமர்ந்து பேசி நெடுங்காலம் ஆகியிருந்தது. அவர் காட்டிய கருவியைவிட அந்தப் பேச்சுதான் என்னை நம்ப வைத்தது. காது மந்தமானவர் முன் எப்படி உட்கார வேண்டும், எவ்வளவு மெதுவாகப் பேச வேண்டும் என்பதையெல்லாம் இவர்கள் நன்றாகக் கற்றுவைத்திருக்கிறார்கள். கற்றதை விற்பதற்கு மட்டுமே பயன்படுத்துகிறார்கள் என்பதை நினைக்கும்போது, போன பணத்தைவிட அதுதான் என் வயிற்றை எரிக்கிறது.

பரிசோதனை என்று நடந்ததைச் சொல்கிறேன். காதுக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் மின்விசிறிகள் சுற்ற, சுற்றிலும் கூட்டம் பேசிக்கொண்டிருக்க, ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெளிச்சத்தம் புகாத அறையில் செய்ய வேண்டிய சோதனை அது. கூட்டத்தின் இரைச்சல் மெல்லிய ஒலிகளை மூடிவிடுவதால், இருப்பதைவிடக் குறை அதிகமாகத்தான் வரைபடத்தில் விழும். காதின் பின்னெலும்பில் அதிர்வுக் கருவியை வைத்து, கோளாறு வெளிக்காதிலும் நடுக்காதிலுமா, உள்காதிலும் நரம்பிலுமா என்று பிரித்துப் பார்க்கும் சோதனை நடக்கவே இல்லை. உடனே ஒரு காகிதத்தைக் காட்டி, இரண்டு காதிலும் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது, இப்போதே மிஷின் போடாவிட்டால் மறதி நோய் வந்துவிடும் என்றார்கள். கேட்கும் திறன் குறைவதை, டிமென்ஷியா என்னும் அந்த மறதி நோயில் நாம் சரிசெய்துகொள்ளக்கூடிய காரணிகளுள் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழின் ஆணையக்குழு 2020ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் குறிப்பிட்டிருப்பது உண்மை. அந்த உண்மையை எடுத்து, அன்று மாலைக்குள் பணம் கட்ட வைக்கும் மிரட்டலாக ஆக்கிக்கொண்டார்கள்.

ஜோடி 1,20,000 ரூபாய், முகாமில் அன்று மட்டும் 84,000 என்றார்கள். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த 84,000 ரூபாயை அங்கேயே செலுத்தினேன். கையில் கொடுத்த சீட்டில் விலை 71,186 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 12,814 ரூபாய் என்று போட்டிருந்தது. காது கேட்கும் கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது; அதற்கு முழு விலக்கு உண்டு. இல்லாத வரியின் பெயரால் மட்டும் 12,814 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். சீட்டின் தலைப்பில் 'எஸ்டிமேட்' என்றுதான் அச்சிட்டிருந்தது. கருவியின் வரிசை எண் அதில் எங்கும் இல்லை.

முகாமில் என் காதில் வைத்துக் காட்டியது மெல்லிய கம்பியோடு கூடிய சிறிய கருவி. பிறகு பெட்டியில் வந்ததோ தடித்த குழாய் வைத்த வேறொன்று. அதைப் போட்டால் பாத்திரம் விழும் ஓசை இடியாக விழுந்தது, என் குரலே எனக்கு அதிர்ந்தது, தாடையை அசைத்தால் விசில் அடித்தது. பேத்தி பேசுவது மட்டும் முன்போலவே குழம்பிக் கிடந்தது. எனக்கு ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த ஒலிகள் பெரிதாயின. கேட்காத ஒலிகள் கேட்காமலே இருந்தன.

முதலில் சொன்னபோது, "பழகணும் ஆச்சி, ஒரு மாசம் விடாம போடுங்க" என்றார்கள். புதிதாகக் கருவி போடுபவரின் மூளை அந்த ஒலிக்குப் பழகச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தச் சீட்டின் பின்புறம் பொடி எழுத்தில், குறை இருந்தால் 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. பழகுங்கள் பழகுங்கள் என்று சொல்லியே அந்த 30 நாட்களையும் கழித்துவிட்டார்கள். அதன்பின் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். பிறகு, சரிசெய்பவர் விடுப்பில் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்து, அவர் வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். எதைக் கேட்டாலும் தலைமை அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசுங்கள் என்ற பதில்தான் வந்தது. தொலைபேசியில் பேச்சுப் புரியாததற்காகத்தானே நான் மிஷினே வாங்கினேன்? பேத்தி என் பக்கத்தில் அமர்ந்து பேசினால், வாடிக்கையாளர் அல்லாதவரிடம் விவரம் சொல்ல இயலாது என்று துண்டித்தார்கள். காது கேட்காதவரிடம் இதைவிட ஈவிரக்கமில்லாமல் ஒருவர் நடந்துகொள்ள முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் மகன் என்னை மதுரைக்கு அழைத்துச் சென்றான். அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவர் வலக்காதில் இறுகியிருந்த அழுக்கை எடுத்தபின், கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரான, முறையாகப் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட் ஒருவர் ஒலி புகாத அறையில் வைத்துச் சோதித்தார். முகாமின் வரைபடம் காட்டிய அளவுக்குக் குறை எந்தக் காதிலும் இல்லை. இரண்டு காதுக்கும் இடையே வேறுபாடும் இருந்தது. பிறகு கருவியைப் போட்டு, காதுக்குள் மெல்லிய குழாயைச் செருகி, செவிப்பறையருகே எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளந்தார். இரண்டு கருவியும் ஒரே அளவில் ஒலித்தன. எனக்குத் தேவையான உயர்ந்த அதிர்வெண்களில் போதிய பலம் இரண்டிலும் இல்லை. அவரவர் ஆடியோகிராமை, அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக அமைத்துத் தர வேண்டிய கருவி இது. அதை அவராவது சரிசெய்யலாம் என்றால், அந்த நிறுவனத்தின் மென்பொருளில் மட்டுமே திறக்கும்படி பூட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த அறிக்கையை அனுப்பியதற்குத்தான் நேற்றைய பதில் வந்தது. வெளியில் காட்டியதால் உத்தரவாதம் ரத்தாகிவிட்டதாம், கருவிக்குப் பழகாதது வாடிக்கையாளரின் குறையாம். 84,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, மிஷினின் கோளாற்றை என் தலையில் கட்டுகிறார்கள். காது மிஷின் விற்பவர்களுக்கு இது மிக வசதியான பதில். எது சரியாக இல்லாவிட்டாலும், குறை உங்கள் காதில் என்று சொல்லிவிடலாம்.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். சோதிப்பவரிடம், ஆடியாலஜிஸ்டுகளைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். வெள்ளைக் கோட்டை நம்பாதீர்கள். ஆடியோகிராமின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். வரிசை எண் எழுதிய முறையான பில் இல்லாமல், சில நாட்கள் வீட்டில் போட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேறிடத்தில் சரிசெய்ய முடியாதபடி பூட்டிய கருவியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏமாந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. நம் பக்கத்து முகாம்களில் இப்படி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், அந்த எஸ்டிமேட் சீட்டையும் வாட்ஸ்அப் பதில்களையும் அழித்துவிடாமல் பத்திரமாக வையுங்கள்.