கார்பன் கிராவல் சைக்கிளும் நெல்லைச் சீமைச் சரளும்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கார்பன் நார் ஃபிரேம் போட்ட கிராவல் சைக்கிள் (சரள், மண் பாதைக்கென்று அகல டயரோடு வரும் ரகம்) வைத்திருப்பதே கொஞ்சம் ஆடம்பரம்தான். அதில் பை பையாகக் கட்டிக்கொண்டு கால்வாய்க் கரையிலும் தேரிக்காட்டுச் செம்மணலிலும் ஓட்டுகிறேன் என்றால், "அந்தக் காசுக்கு ஒரு நல்ல பைக்கே வாங்கியிருக்கலாமே" என்பார்கள். சொல்லட்டும். இது எனக்கு மூன்றாவது வருஷம். வாங்கும்போது இருந்த பயமெல்லாம் ஃபிரேமைப் பற்றித்தான். இப்போது அந்தப் பயம் அடியோடு போய்விட்டது. தொல்லை கொடுப்பதெல்லாம் ஃபிரேமைத் தொட்டுக்கொண்டிருக்கிற சாமான்கள்: வார், போல்ட், பேரிங், டயர். பிராண்டைச் சொல்லப்போவதில்லை. சுமைப் பயணத்துக்கென்று வரும் கார்பன் கிராவல் சைக்கிள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாதிதான்.

இந்த ரகம் உருவானதற்குப் பின்னால் வட அமெரிக்காவின் டூர் டிவைட் மாதிரியான நெடுந்தூர சைக்கிள் போட்டிகள் இருக்கின்றன. கனடாவின் பான்ஃபில் கிளம்பி மெக்சிகோ எல்லை வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் மலையும் மண்ணுமாக ஓட்ட வேண்டும். அங்கே கடை கண்ணி இல்லாமல் வெகுதூரம் போக வேண்டியிருக்கும், அதனால் பையும் பாட்டிலும் மாட்ட சைக்கிள் முழுக்க போல்ட் துளைகள் வைத்திருக்கிறார்கள். நம்மூர்க் கதை வேறு. அம்பாசமுத்திரம் போனாலும் திசையன்விளை போனாலும் வழியெல்லாம் டீக்கடை இருக்கிறது. சாப்பாடு சுமக்க வேண்டாம். தெரிந்தவர் தோட்டத்து மோட்டார் ரூமோ கோயில் மண்டபமோ கிடைத்துவிடுவதால் கூடாரமும் பாதி நேரம் வீட்டிலேயே கிடக்கும். (பாபநாசம் சோதனைச்சாவடிக்கு மேற்கே புலிகள் காப்பகம். அங்கே இஷ்டத்துக்குக் கூடாரம் அடிக்கும் நினைப்பே வேண்டாம்.) இங்கே உண்மையான சுமை தண்ணீர்தான். சித்திரை வைகாசியில் ஐந்து லிட்டர் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

அங்கேதான் கார்பனின் முதல் பெருமை அடிபடுகிறது. என் சைக்கிள் வெறுமனே ஒன்பதரை கிலோ. இதே வேலைக்கு ஸ்டீல் ஃபிரேம் எடுத்திருந்தால் மூன்று கிலோ கூடியிருக்கும். ஐந்து லிட்டர் தண்ணீர், படுக்கை, கருவி, துணி எல்லாம் ஏறியபின் மொத்தம் 22 கிலோவைத் தொடும். அப்போது அந்த மூன்று கிலோ மிதிக்கிற காலுக்குப் பெரிதாகத் தெரியாது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கரைகள் அறுத்துக்கொண்டு போன இடங்களில் பைகளைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கையில் சைக்கிளைத் தூக்கிக் கடந்தபோதுதான் தெரிந்தது. எடை குறைவாக இருக்கும் என்று மட்டும் நினைத்து இதை வாங்காதீர்கள்.

வாங்க வேண்டிய காரணம் ஓட்டம். வீல்பேஸ் (இரு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள தூரம்) நீளம், முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) கொஞ்சம் சாய்வு. சுமை இல்லாமல் ஊருக்குள் ஓட்டினால் மந்தமாக இருக்கும், வளைக்கச் சோம்பல்படும். ஃபோர்க்கின் இரு பக்கமும் பைகள் ஏறியதும் அதே சைக்கிள் நிதானத்துக்கு வந்துவிடுகிறது. வெள்ளாங்குழியில் தொடங்கி எம்.எல். தேரி வரை போகும் புது வெள்ளநீர்க் கால்வாயின் கரையில் ஓடிப் பார்த்தால் புரியும். சரள் உருண்டு முன்சக்கரம் விலகும். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம், அதுவே நேராகிவிடும். கன்னடியன் கால்வாய் ஓரமாகச் சேரன்மகாதேவி பக்கம் வாழைத் தோட்டங்களுக்கு இடையே போகும்போதும் அப்படித்தான். நாள் முழுக்க ஓட்டினாலும் மணிக்கட்டு மரத்துப்போவதில்லை. இதில் கார்பனுக்குப் பங்கு உண்டு, ஆனால் பெரும்பங்கு 45 மில்லிமீட்டர் டயருக்கும் அதில் வைக்கும் 30 பிஎஸ்ஐ என்ற குறைந்த காற்றழுத்தத்துக்கும்தான். ஃபிரேம் விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஃபோர்க்கின் ஒரு பக்கத்துக்கு மூன்று கிலோ என்பது கம்பெனி வைத்திருக்கும் வரம்பு. பின்னால் கேரியர் மாட்ட வழியே இல்லை, சீட்டுக்கு அடியில் தொங்கும் பைதான். பதநீர் சீசனில் உடன்குடிப் பக்கம் பழைய சைக்கிளில் இருபுறமும் கேன் கட்டிப் போகிற பனையேறிகள் இதை எப்படிப் பார்ப்பார்கள்! டீக்கடையில் ஒரு அண்ணாச்சி கேட்டேவிட்டார்: "என்ன தம்பி, கேரியரு இல்லாத சைக்கிளுல எங்கனதான் மூட்டைய வைப்பிய?" விலையையும் கேட்டார். நான் சொன்ன தொகை உண்மை விலையில் பாதிகூட இல்லை. அதற்கே தலையில் கை வைத்தார்.

டயர் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் சைக்கிளுக்கு முதல் எதிரி முள். உடைமுள், சீமைக்கருவேல முள், நெருஞ்சி, மூன்றும் உண்டு. ட்யூப் போட்டு மூலைக்கரைப்பட்டிப் பக்கம் குளத்துக் கரையில் இறங்கினால் பஞ்சர் ஒட்டவே பொழுது போய்விடும். டியூப்லெஸ் தவிர வேறு வழியில்லை. நெருஞ்சி போட்ட ஓட்டையையெல்லாம் உள்ளே ஊற்றியிருக்கும் சீலன்ட் திரவம் தானாக அடைத்துவிடும், முள் குத்தியதே வீட்டில் டயரைத் துடைக்கும்போதுதான் தெரியும். சீமைக்கருவேல முள் நீளமானது, சுலபமாகப் பக்கச்சுவரில் ஏறிவிடும். அங்கே பிளக் (ஓட்டையில் செருகும் ரப்பர்த் துண்டு) வைத்தும் நிற்காவிட்டால் ட்யூப்தான். அதனால் ட்யூப் ஒன்று எப்போதும் பையில் இருக்கும். நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்தும் போகிறது. டப்பாவில் போட்டிருக்கும் மாதக்கணக்கை நம்பாமல் கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வு வழியாக ஊற்றிவிடுகிறேன்.

தேரியில் எந்த டயரும் முழு வெற்றி பெறாது. காற்று கொண்டுவந்து குவித்த மண் அது, இரும்புச் சத்தால் அந்தச் செந்நிறம். காய்ந்திருக்கும்போது 25 பிஎஸ்ஐக்கு இறக்கினாலும் சுமையோடு புதையும், இறங்கித் தள்ள வேண்டியதுதான். ஐப்பசி கார்த்திகை மழை நின்ற மறுவாரம் போங்கள், மண் இறுகி அருமையாக இருக்கும். அந்தச் செம்புழுதி செயினில் ஏறினால் சாதாரண எண்ணெயோடு குழைந்து எல்லாவற்றையும் அரித்துவிடும். மெழுகு ரக லூப்ரிகன்ட் போட ஆரம்பித்தபின் செயின் ஆயுள் கூடியிருக்கிறது.

ஆடிக்காற்று தனி அத்தியாயம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் பக்கவாட்டில் அடிக்கும். காற்றாலைகள் சும்மா அங்கே நிற்கவில்லை. ஃபிரேம் முக்கோணம் முழுவதையும் அடைக்கும் பை மாட்டினால் அதுவே காற்றைப் பிடித்து லாரிப் பக்கம் தள்ளும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பாதி அளவுப் பைதான் மாட்டுகிறேன், மீதியைத் தாழ்வாக ஃபோர்க்கில் வைக்கிறேன். இலேசான சைக்கிள் என்பதால் காற்றில் தவிப்பு கூடுதல்.

இனி தேய்மானம். பை வாருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் புழுதி புகுந்துகொண்டால் அது உப்புத்தாள் போல வேலை செய்யும். ஒரே மழைக்காலத்தில் டாப் ட்யூபில் (ஃபிரேமின் மேல்குழாயில்) வார் பட்ட இடமெல்லாம் பளபளப்புப் போய் மங்கிவிட்டது. மேல்பூச்சோடு நின்றால் அழகுதான் கெடும். உள்ளே இருக்கும் கார்பன் நாருக்குள் இறங்கினால் ஃபிரேமின் பலமே போச்சு. காருக்கு ஒட்டும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிமை வெட்டி, வார் படும் இடம், கேபிள் உரசும் இடம், செயின் ஓரமாகப் போகும் பின்குழாயான செயின்ஸ்டே எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை உரித்து மாற்றினால் போதும்.

உவரி, இடிந்தகரைக் கடலோரம் போய்வந்தால் ஃபிரேம் துருப்பிடிக்காது, ஆனால் அலுமினியப் பாகம் கார்பனைத் தொடும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். என் சீட் போஸ்ட் அலுமினியம். அவ்வப்போது கழற்றித் துடைத்து, கிரீஸுக்குப் பதில் வழுக்காமல் பிடிக்கும் கார்பன் பேஸ்ட் தடவி, முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் 5 நியூட்டன் மீட்டர் வைத்து முடுக்குகிறேன். கடைக்காரர் "நல்லா இறுக்கிட்டேன் தம்பி" என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும், அளவு மீறினால் கார்பன் விரிசல் விடுமே. பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் பேரிங் பகுதி) பிரஸ்ஃபிட் வகை, அதாவது மரை இல்லாமல் அழுத்திப் பொருத்தியது. புழுதியும் மழையும் மாறி மாறிப் பட்டதில் மேடு ஏறும்போதெல்லாம் கிரீச்சிடும். கழற்றித் துடைத்துப் போட்டால் சில மாதம் அமைதி. இன்னொருமுறை வாங்கினால் மரை போட்ட பாட்டம் பிராக்கெட் உள்ளதாகத்தான் பார்ப்பேன்.

ரிப்பேர் என்று வந்தால் ஸ்டீல் ஃபிரேமைப் பேட்டையில் ஏதாவது பட்டறையில் பற்றவைத்துவிடலாம். கார்பனுக்கு அந்த வசதி இல்லை. விழுந்தால் ஒரு ரூபாய்க் காசால் தட்டிப் பார்ப்பேன். மற்ற இடத்தில் கணீரென்றும் ஓரிடத்தில் மட்டும் சொத்தென்றும் கேட்டால் சந்தேகம். இதுவரை அப்படி வரவில்லை. இந்த ஃபிரேமுக்கே உரிய டிரெய்லியர் ஹேங்கரை (பின் கியர் மாற்றியைத் தாங்கும் சிறு பாகம்) மட்டும் உபரியாக ஒன்று பையில் வைத்திருக்கிறேன், இந்தப் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

கியர் பற்றி ஒரே புகார். முன்னால் ஒற்றைப் பல்சக்கரம், 40 பல். பின்னால் 11 முதல் 42 பல் வரை. சமவெளியில் குறையே இல்லை. செங்கோட்டை தாண்டிப் புலியரை எஸ் வளைவில் சுமையோடு ஏறும்போது கடைசிக் கியர் போட்டும் முழங்கால் பேசும். முன்னால் 36 பல் சக்கரம் வாங்கி மாட்டியதும் பத்து சதவீதம் சுலபமாயிற்று. நான்குவழிச் சாலையில் இறக்கத்தில் மிதிக்கக் கியர் போதாது என்பார்கள். சுமையோடு இறக்கத்தில் நான் மிதிப்பதே இல்லை, பிரேக்கைத்தான் பிடித்துக்கொண்டிருப்பேன். அதற்கும் மெட்டல் பேட் போட்டுவிட்டேன், சத்தம் கொஞ்சம் கூடுதல்.