லாங் பிராஞ்ச் 1943: அறுத்துச் சுருக்கிய ஒரு த்ரீ நாட் த்ரீயுடன் எட்டுக் குளிர்காலம்

2017 அக்டோபரில், ஒன்டாரியோவில் ஒரு பண்ணை வீட்டின் சமையலறை மேசைமீது இந்த ரைஃபிளை முதன்முதலில் பார்த்தேன். விற்றவர் எண்பதைத் தாண்டிய பெரியவர். "அப்பாவின் மான் துப்பாக்கி, .303" என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்கட்டை பாதியில் அறுபட்டிருந்தது. குழலை மூடியிருக்க வேண்டிய மேல்கட்டை இரண்டும் இல்லை. பின்கட்டையில் ஏதோ பளபள வார்னிஷ். லைசென்ஸைக் காட்டி, 250 டாலர் கொடுத்து எடுத்து வந்தேன்.

இது லீ-என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள் வகை. இப்படி அறுபட்ட லீ-என்ஃபீல்டுகள் கனடாவில் ஏராளம். போர் முடிந்ததும் உபரியான ராணுவ ரைஃபிள்கள் மலிவாகக் கிடைத்தன. கிட்டத்தட்ட குழலின் நுனிவரை கட்டை மூடிய, நாலு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றைத் தூக்கிக்கொண்டு பனியில் மான் தேடிப் போவது லேசான வேலையில்லை. ஆகவே வாங்கியவர்கள் ரம்பத்தை எடுத்தார்கள். அப்படி வேட்டைக்காக அறுத்துச் சுருக்கிய ராணுவ ரைஃபிளுக்குத்தான் ஸ்போர்ட்டர் என்று பெயர். சிலர் அவர்களை ரைஃபிளைக் கெடுத்தவர்கள் என்று திட்டுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குளிர்காலத்துக்கு வீட்டில் இறைச்சி வேண்டும், கையில் காசு குறைவு. அவர்கள் செய்தது நியாயமான காரியம்.

வீட்டுக்கு வந்ததும் குழலைத் தாங்கும் இரும்பு உடலான ரிசீவரின் இடது பக்கத்தை எண்ணெய்த் துணியால் பொறுமையாகத் துடைத்தேன். அழுக்குக்கு அடியிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன: நம்பர் 4, மார்க் 1, ஒரு நட்சத்திரக் குறி, லாங் பிராஞ்ச், 1943. வரிசை எண்ணின் நடுவில் 'எல்'. சிறு பாகங்களில் 'சி' எழுத்துக்குள் அம்புக்குறி. அது கனடா அரசின் சொத்து முத்திரை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. லாங் பிராஞ்ச் ஆலை இருந்த இடம் டொராண்டோவை அடுத்த இன்றைய மிசிசாகாவின் ஏரிக்கரை. 1940-ல் தொடங்கிய ஸ்மால் ஆர்ம்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனம் அங்கே லட்சக்கணக்கில் இந்த ரைஃபிள்களைச் செய்தது. வேலை பார்த்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் பெண்கள். அந்த ஆலையின் பரிசோதனைக் கட்டடம் இன்றும் கலை மையமாக நிற்கிறது. அந்தச் சாலையில் எத்தனையோ முறை வேலைக்குப் போயிருக்கிறேன், அது என்ன கட்டடம் என்று தெரியாமலே.

அந்த நட்சத்திரக் குறி அலங்காரமில்லை. பிரிட்டனில் செய்த மார்க் 1-ல், தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டைக் கழற்ற ஒரு சிறு பிடியை அழுத்த வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் செய்த நட்சத்திர வகையில் அந்தப் பிடியை எடுத்துவிட்டு, போல்ட் ஓடும் தடத்திலேயே ஒரு வெட்டு விட்டார்கள். உற்பத்தி எளிதானது, ஆனால் அந்த வெட்டின் ஓரம் சிதையக்கூடியது. வாங்கும் முன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. என்னுடையதில் ஓரம் கூர்மையாகவே இருந்தது.

ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். நம்மூர்க் காவல் நிலையத்தில் பாரா நின்ற போலீஸ்காரர் தோளில் நாம் பார்த்த த்ரீ நாட் த்ரீ பெரும்பாலும் இதன் அண்ணன், வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையில் செய்த நம்பர் 1. அதன் மூக்கு சப்பையாக, கட்டையோடு முடிந்துவிடும். நம்பர் 4-ல் குழல் நுனி விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தோட்டா ஒன்றுதான், கட்டைகள் வேறு.

இதைப் பழைய ராணுவ வடிவத்துக்கு மீட்கலாமா, வேண்டாமா என்பதைக் குழல்தான் சொல்லும். துப்பாக்கி காலி என்று இருமுறை பார்த்துவிட்டு, போல்ட்டை மூடி, நுனியிலிருந்து ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டு அளந்தேன். 25.2 அங்குலம், அதாவது 64 சென்டிமீட்டர். முழு நீளம்! நுனியில் பயனெட் மாட்டும் குமிழ்களும் அப்படியே இருந்தன. ஸ்கோப் பொருத்த யாரும் ரிசீவரில் ஓட்டை போடவில்லை. போல்ட் கைப்பிடியின் பின்னால் பொறித்த எண்ணும் ரிசீவர் எண்ணும் ஒன்றே. அந்தப் பெரியவரின் அப்பா மரத்தை மட்டுமே அறுத்திருந்தார். குழலையும் வெட்டியிருந்தால் இந்த வேலையில் நான் இறங்கியிருக்க மாட்டேன், யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். அது நல்ல வேட்டைத் துப்பாக்கியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

சுடுவதற்கு முன் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஹெட்ஸ்பேஸ் பார்த்தேன். தோட்டாவின் விளிம்பு உட்கார, மூடிய போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. கேஜ் என்ற அளவுத் துண்டை உள்ளே வைத்து மூடிப் பார்க்க வேண்டும்: ராணுவக் கணக்கில் 0.064 அங்குல கேஜில் போல்ட் மூட வேண்டும், 0.074-ல் மூடக் கூடாது. தேறியது. தேறாமல் போனால் 0 முதல் 3 வரை எண் போட்ட போல்ட் தலைகளில் அடுத்ததை மாற்றிப் பார்க்கலாம். இதைப் பார்க்காமல் பழைய ரைஃபிளைச் சுடாதீர்கள், தயவுசெய்து.

அடுத்தது மரம். இங்கேதான் சறுக்கினேன். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் புதிதாகச் செய்த முன்கட்டை வாங்கினேன். பார்க்க அழகு. மாட்டும்போது வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. நல்ல பொருத்தம் என்று மகிழ்ந்துபோனேன். 100 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. மெக்கானிக் முன்கட்டையைப் பிடித்து லேசாக ஆட்டிக் காட்டினார். பின்முனை ரிசீவரோடு இறுகவே இல்லை. சுடும்போது வரும் உதையை அந்த இடம்தான் தாங்க வேண்டும். நுனியிலோ கட்டை குழலை 2 முதல் 7 பவுண்டு விசையில் மேல்நோக்கித் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இடையில் எங்கும் தொடக் கூடாது. லீ-என்ஃபீல்டின் குறி தப்பாமை பெரும்பாலும் இந்த மரப் பொருத்தத்தில்தான் இருக்கிறது.

பிறகு ஒரு பழைய, மாட்டப்படாத வால்நட் முன்கட்டை தேடிப் பிடித்தேன். மேல்கட்டைகள், வளையங்கள் எல்லாம் சேர்த்து ரைஃபிளின் விலையைத் தாண்டிவிட்டது. அந்தக் கட்டை உட்காரவே மறுத்தது. அதுதான் நல்லது. மெக்கானிக் பக்கத்தில் இருக்க, மூன்று மாலை வேலை. கண்மைக்குப் பிடிப்பது போல விளக்குக் கரி பிடித்து, எண்ணெயில் குழைத்து இரும்பில் தடவி, கட்டையை மாட்டிக் கழற்றினால் எங்கே கரி ஒட்டுகிறதோ அங்கே மட்டும் ஒரு சுரண்டல். மறுபடி மாட்டு, மறுபடி கழற்று. நுனி விசையை மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசைக் குழலில் மாட்டி இழுத்துப் பார்த்தோம், 5 பவுண்டு. அதற்குப் பிறகு அதே 100 மீட்டரில் ஐந்து குண்டும் உள்ளங்கைக்குள் அடங்கின.

பழைய பின்கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. தேய்த்தால் முத்திரைகள் போய்விடும். வார்னிஷை நீக்கியபின், நசுங்கிய இடங்களில் ஈரத் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். ஆவி ஏறி மரம் தானாக எழுந்து வந்தது. பிறகு ஆளிவிதை எண்ணெய், மெல்லிய பூச்சாக, வாரக்கணக்கில். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். நான் தண்ணீர் வாளியில் போட்டு வைத்தேன்.

இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்குப் புரிந்தது, இந்த மரம் சும்மா இருக்காது என்பதுதான். முதல் குளிர்காலத்திலேயே ஹீட்டர் காற்றில் மரம் வற்றி, ட்ரிக்கர் மாறிப்போனது. இதில் ட்ரிக்கர் இரண்டு கட்டமாக இழுபடும். அந்த இரண்டாவது கட்டம் காணாமலே போனது. காரணம், மார்க் 1-ல் ட்ரிக்கர் தொங்குவது அதன் கீழ்க்காப்பில், ரிசீவரில் இல்லை. மரம் சுருங்கினால் இடைவெளி மாறுகிறது. பின்னர் வந்த மார்க் 2-ல் ட்ரிக்கரை ரிசீவரிலேயே மாட்டி இதைத் தீர்த்தார்கள். நான் இப்போது பெட்டிக்குள் ஈரப்பதமானி வைத்திருக்கிறேன். நவம்பரிலும் மே மாதத்திலும் கட்டையை இறுக்கும் முன் திருகைச் சரிபார்க்கிறேன். மூன்றாம் வருடத்துக்குப் பிறகு அசைவு வெகுவாகக் குறைந்துவிட்டது.

மற்றவை சிறு விஷயங்கள். மேகஸினில் நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும், இல்லையென்றால் சிக்கும். 300, 600 கஜத்துக்கான இரட்டைத் துளைக் குறிபார்வையில் 100 மீட்டருக்குத் தாழ்த்திக் குறிவைக்கப் பழக வேண்டும். போல்ட்டோ, நான் கையாண்ட எந்தப் புது ரைஃபிளிலும் இல்லாத வழுவழுப்பு.

அறுபட்ட அந்தப் பழைய முன்கட்டையை எறியவில்லை. பெயர்ச்சீட்டு ஒன்றைக் கட்டி, துணியில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அதன் குழல் பள்ளத்தில், அறுப்பதற்காகப் போட்ட பென்சில் கோடு இன்னும் தெரிகிறது. ரம்பம் கோட்டைவிட்டு அரை நூல் விலகியிருக்கிறது.