பாமினிக் கோப்பை யூனிகோடாக்க: ஐகான்வா, வலைப்பக்கமா, சொந்த நிரலா?

அப்பச்சி வைத்திருந்த பழைய சீடியில் எங்கள் நகரக் கோயிலின் புள்ளிப் பட்டியல் கிடைத்தது. செட்டிநாட்டு நகரத்தாரில் கல்யாணமாகித் தனிக் குடும்பமானால் ஒரு புள்ளி. கோயில் வரி அந்தக் கணக்கில்தான். காரைக்குடியில் ஏதோ ஒரு டிடிபி கடையில் அடித்தது, பாமினி என்ற பழைய எழுத்துருவில். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் வகை அது. யூனிகோடோ தமிழ்க் குறிகளுக்கென்றே தனி எண் தரும் பொதுமுறை. நோட்பேடில் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்து. 'சொ' என்பது என், ஆர், ஹெச். மெய்யெழுத்தின் புள்ளிகளெல்லாம் அரைப்புள்ளியாகக் கிடந்தன!

முதலில் லினக்ஸின் ஐகான்வ், குறியீடு மாற்றும் கட்டளை. திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் உள்ள கோப்பென்றால் வேறெதையும் தேட வேண்டாம். எழுத்துக்கு முன்னால் கிடக்கும் கொம்பைக்கூட அதுவே பின்னால் தள்ளிவிடும். புரியாத பைட் வந்தால் நின்று, எந்த இடமென்றும் சொல்லும். 'சி' சுவிட்சைப் போட்டு அதை ஓட்டிவிடாதீர்கள். எழுத்தைச் சத்தமில்லாமல் விழுங்கும். பாமினியோ அதன் கண்ணுக்கு வெறும் ஆங்கிலம். கொடுத்ததை அப்படியே திருப்பித் தந்தது.

வலைப்பக்க மாற்றிகளில் ஒட்டினால் நொடியில் தமிழ். ஒரு பக்கக் கடிதத்துக்கு இதுவே போதும். ஆனால் படிப்பு என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் இருந்த பட்டங்களும் தமிழ்க் குப்பையாகிவிட்டன. தவிர, ஊர்க் குடும்பங்களின் விலாசத்தை முகம் தெரியாத பக்கத்தில் ஒட்ட எனக்கு மனமில்லை. சோதித்தது மாதிரி வரிகளை வைத்துத்தான்.

கடைசியில் பைத்தானில் ஒரு குட்டி நிரல் எழுதினேன். உள்ளே இருப்பது ஒரு மாற்று அட்டவணை, அவ்வளவுதான். வித்தை வரிசையில் இருக்கிறது. நீளமான எழுத்துக் கூட்டை முதலில் மாற்ற வேண்டும். நான் ஒற்றை எழுத்தில் தொடங்கியதால் கொம்பு, ச, கால் என மூன்றும் தனித்தனியாக வந்து, சொக்கலிங்கம் 'ெசாக்கலிங்கம்' ஆனார். வரிசையைத் திருப்பிப் போட்டதும் சரியானார். படிப்புக் கட்டத்தைத் தொடாதே என்று சொல்லவும் இங்கேதான் வழியுண்டு. அட்டவணையைக் கையால் அடிக்கச் சோம்பலா? ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல் நூலகத்தில் பாமினி உட்படப் பலவற்றுக்குத் தயாராகவே இருக்கிறது.

எதில் மாற்றினாலும் என்எஃப்சி இயல்பாக்கம் செய்துவிடுங்கள். ஒரே எழுத்தைப் பலவிதமாகக் குறித்திருந்தால் ஒரே வடிவாக்கும் யூனிகோட் முறை அது. ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த 'சொ', ஒரே குறியாக உள்ள 'சொ' இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். தேடினால் மட்டும் பாதிச் சொக்கலிங்கங்கள் அகப்பட மாட்டார்கள்.