சில்வர் ஓக் ஏற எது வாங்கலாம்: மூங்கிலா, முள்ளா, கயிறா

ஏற்காட்டு காப்பி தோட்டத்துல நிழல் கழிக்கிற, அதாவது சில்வர் ஓக் மாதிரி நிழல் மரத்து கிளைய வெட்டுற சீசன் வந்துட்டா போதும், மரம் அறுக்கிற செயின்சா மெஷின்ல ஸ்டில் வாங்கலாமா ஹஸ்க்வர்னா வாங்கலாமா, பெட்ரோலா பேட்டரியான்னு தான் ஆளாளுக்கு கேக்குறாங்க. மேல ஏறுனவன மரத்தோட புடிச்சு வெக்கிறது எதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாங்க. என்னைய கேட்டா கையில இருக்கிற காசு மொதல்ல பெல்ட்டுக்கும் கயித்துக்கும் போகணும், அப்புறம் ஹெல்மெட், அப்புறம் நல்ல கை ரம்பம், மெஷினெல்லாம் அதுக்கப்புறம் தான். இங்க நடக்கிறது அப்படியே தலைகீழ். மெஷின் ஷோரூம்ல இருந்து நேத்து இறக்குன மாதிரி பளபளன்னு இருக்கும், அத புடிச்சிருக்கிறவன் இடுப்புல போன வருஷத்து தேங்கா நார் கயிறு.

சரி, மொதல்ல மேல போற வழிய பாப்போம். மூணு வழி இருக்குதுங்க. ஒத்த மூங்கில் ஏணி, கால்ல கட்டுற இரும்பு முள்ளு, அப்புறம் கயிறு.

மூங்கில யாரும் கேவலமா பேச வேணாம். கணு கணுவா காலு வெக்க எடம் விட்டு வெட்டுன ஒத்த மூங்கில், தோள்ல போட்டுக்கிட்டு ஒரு ஆளே சரிவுல தூக்கிட்டு போயிரலாம், செலவும் ஒண்ணும் பெருசா இல்ல. நம்ம ஊரு சில்வர் ஓக்ல முக்காவாசி மரத்துல மிளகு கொடி ஏறி இருக்கும், அந்த கொடிக்கு சேதாரம் இல்லாம மேல போக மூங்கில விட்டா நல்ல வழி இன்னும் வரல. ஆனா அது ஏறுறதுக்கு மட்டும் தான். மூங்கில்ல நின்னுக்கிட்டே வாது (கிளை) வெட்டுறது, அதுவும் மெஷின வெச்சு வெட்டுறது, அதுல தான் ஆளுங்க போறாங்க. வெட்டுன வாது கீழ போறப்ப நுனி மொதல்ல சாயும், அடி எகிறி மூங்கில தட்டிட்டு தான் போகும், மூங்கில் அடியோ ஈர மண்ணு சரிவுல ஊனியிருக்கும். இன்னொன்னு, மழையில நனைஞ்ச மூங்கில் கரண்ட கடத்தும். மரம் தானே, ஒண்ணும் ஆகாதுன்னு லைன் கம்பி பக்கத்துல சாத்துறவங்க இத ஞாபகம் வெச்சுக்கங்க. அலுமினிய ஏணிய பத்தி சொல்லவே வேணாம், லைன் இருக்கிற எடத்துக்கு அத எடுத்துட்டே போகாதீங்க.

முள்ளு பாக்க நல்லா இருக்கும், வீடியோவுல வெள்ளக்காரன் சரசரன்னு ஏறுறத பாத்துட்டு நம்ம பசங்க ஆன்லைன்ல வாங்கிடுறாங்க. வெட்டி சாய்க்க போற மரத்துக்கு அது சரி. நிக்க போற மரத்துக்கு கூடவே கூடாது. ஒவ்வொரு அடிக்கும் பட்டைய தாண்டி உள்ள குத்தும், அது வழியா பூஞ்சான் எறங்கும். நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்ல முள்ளு போட்டு ஏறி கழிச்ச மரங்கள பாத்திருக்கேன், குத்துன எடத்துல எல்லாம் பிசின் வடிஞ்சு, ரெண்டு பக்கமும் படிக்கட்டு மாதிரி மேல வரைக்கும் கெட்டியா தொங்கிட்டு இருந்துச்சு. மிளகு கொடி மேலயே மிதிச்சு ஏறிருக்கான், கொடி நாலு எடத்துல அறுந்து காஞ்சு போச்சு. கவாத்து கூலிய விட மிளகு நஷ்டம் ஜாஸ்தி.

கயிறு தான் ஆகக்கடைசில எல்லாரும் வர்ற எடம். சின்ன மூட்டையில எடை கட்டி மெல்லிசு நூல மேல கவைக்கு வீசி, அத புடிச்சு மெயின் கயித்த இழுத்து போட்டு ஏறுறது. மொதல்ல கத்துக்க நேரம் புடிக்கும், வீசுற மூட்டை மூணாவது மரத்துல போய் மாட்டும், கீழ நிக்கிறவன் சிரிப்பான், அதெல்லாம் உண்டு. ஆனா சில்வர் ஓக்ல ஒரு விஷயம் கவனிக்கணும், வாது சடக்குன்னு முறியிற ரகம், அதனால கயிறு தொங்குறது பக்க வாதுல இருக்கக் கூடாது, நடு மரத்த சுத்தி தான் இருக்கணும். கயித்தோட பெரிய லாபம் ஏறுறதுல இல்ல, எறங்குறதுல. குளவிக்கூட்ட தட்டிட்டீங்கன்னு வைங்க, கயித்துல தொங்குறவன், மெயின் கயித்த இறுக்கி புடிச்சிருக்கிற உரசல் முடிச்ச கீழ இழுத்தா சில செகண்ட்ல தரைக்கு வந்துருவான், மூங்கில்ல நிக்கிறவனுக்கு குதிக்கிறத தவிர வழியில்ல.

அதனால என் கணக்கு இது: கொடி இருக்கிற மரத்துல கொடி முடியிற வரைக்கும் மூங்கில், மூங்கில்ல இருந்து காலு எடுக்கிறதுக்கு முன்னாடியே நடு மரத்துல கயிறு போட்டு மாட்டிக்கணும், அதுக்கு மேல கயிறு. கொடி இல்லாத மரம்னா தரையில இருந்தே கயிறு. முள்ளு வெட்டி சாய்க்கிற மரத்துக்கு மட்டும்.

இப்ப பெல்ட்டு. இதுல தான் நெறைய குழப்பம், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

சேலத்துல எந்த சேஃப்டி கடையில போய் பெல்ட்டு கேட்டாலும் கட்டடத்துக்கு போடுற ஃபுல் பாடி ஹார்னஸ எடுத்து குடுப்பாங்க, ஐ.எஸ். 3521 (இந்திய தர நம்பர்), இல்லன்னா ஈ.என். 361 (ஐரோப்பிய தர நம்பர்)ன்னு லேபிள்ல இருக்கும். தரமான பொருள் தான், குறை சொல்ல மாட்டேன், ஆனா அது விழுந்தவன புடிக்கிறதுக்கு செஞ்சது. வளையம் முதுகுல இருக்கும். ரெண்டு மீட்டர் பட்டி, அதோட அதிர்ச்சி தாங்குற பை, விழுந்தா அந்த பை கிழிஞ்சு நீண்டு அடிய 6 கிலோ நியூட்டனுக்குள்ள (சுமார் 600 கிலோ பாரம்) அடக்கும். கட்டடத்துக்கு வெளிய காத்துல விழுறவனுக்கு இது சரி. மரத்துல விழுறவனுக்கு கீழ காத்து இல்ல, வாது இருக்கு. பட்டி நீளம், பை நீளுறது, ஆளு உசரம் எல்லாம் சேத்தா ஆறு மீட்டர் கிட்ட காலி எடம் வேணும், அவ்வளவு காலி எடம் எந்த மரத்துக்குள்ளங்க இருக்கு? அதுவும் போக முதுகுல தொங்குறவன் திரும்ப முடியாது, மரத்த எட்டிப் புடிக்க முடியாது, கால் பட்டி தொடைய இறுக்கும், ரொம்ப நேரம் அசையாம அப்படியே தொங்குனா ரத்தம் கால்ல தங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. பெல்ட்டு போட்டிருக்கான்ல, டீ குடிச்சிட்டு வந்து எறக்கலாம்ங்கிற கதையே கூடாது.

மரத்துக்குன்னே செய்யிற ஹார்னஸ் வேற மாதிரி. விழுந்தா புடிக்கலாம்னு இல்ல, விழவே விடாம எப்பவும் கயிறு விறைப்பா இருக்கணும்ங்கிறது தான் அதோட கணக்கு. இடுப்புக்கு முன்னாடி ஒரு பாலம் மாதிரி பட்டி, அதுல மெயின் கயிறு மாட்டும், இடுப்புக்கு ரெண்டு பக்கமும் வளையம், அதுல மரத்த சுத்தி போடுற குட்டை கயிறு, தொடைக்கு அகலமான பட்டி, அதுல உக்காந்துக்கிட்டே ரெண்டு கையும் ஃப்ரீயா வேலை பாக்கலாம். ஈ.என். 813, ஈ.என். 358 ரெண்டும் லேபிள்ல இருக்கான்னு பாருங்க. பெட்சல் கம்பெனியோட செக்வோயா மாதிரி சாமான் அருமையா இருக்கும், விலைய கேட்டா தான் தலை சுத்தும், கட்டட பெல்ட்டு மாதிரி பல மடங்கு.

அவ்வளவு முடியலன்னா நடுவுல ஒரு வழி இருக்கு. இந்த கண்ணாடி பில்டிங் துடைக்கிறவங்க, காத்தாடி டவர்ல ஏறுறவங்க போடுற ரோப் ஆக்சஸ் ஹார்னஸ், முன்னாடி இடுப்புல, பக்கத்துல, நெஞ்சுல, முதுகுல எல்லா எடத்துலயும் வளையம் இருக்கும், கரம் மாதிரி இந்திய கம்பெனியே பண்றாங்க. மர ஹார்னஸ் அளவுக்கு சொகுசு இல்ல, ஆனா வேலைக்கு ஆகும். கூட்டி கழிச்சு பாத்தா நம்ம ஊரு கூலிக்கு நான் இத தான் வாங்க சொல்லுவேன். வெறும் இடுப்பு பெல்ட்டு மட்டும் வாங்குறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, அத மட்டும் நம்பி விழுந்தா முதுகெலும்பும் விலாவும் தான் பதில் சொல்லணும்.

அடுத்து கயிறு. லீ பஜார் பக்கம் கயித்துக் கடையில நீலம், பச்சை, மஞ்சள்னு கண்ண பறிக்கிற பிளாஸ்டிக் கயிறு கெடைக்கும், அது பாலி புரொப்பிலின். லாரியில தார்ப்பாய் கட்ட நல்ல கயிறு. ஆளு தொங்க கூடாது. வெயில்ல கெடந்தா மேல் நாரு பொடி பொடியா உதிரும், 160 டிகிரி தாண்டுனாலே உருகும், முடிச்சு வேகமா உரசி எறங்கறப்ப அந்த சூடு வர்றது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. தேங்கா நார் பத்தி என்ன சொல்றது, ஏற்காட்டு பனியில நனைஞ்சு நனைஞ்சு வெளிய நல்லா இருக்கும், உள்ள மக்கி இருக்கும், வெளிய பாத்து கண்டே புடிக்க முடியாது. நைலான் பலம் தான், ஆனா இழுவை ஜாஸ்தி, ஈரத்துல பலமும் கொஞ்சம் கொறையும், வேலை பாக்கறப்ப மேலயும் கீழயும் ஊஞ்சல் ஆடும்.

வாங்க வேண்டியது உள்ள ஒரு கரு, மேல பின்னல் உறை இருக்கிற கயிறு. தடிமன் 11ல இருந்து 13 மில்லிமீட்டர் வரைக்கும், ஈ.என். 1891 டைப் ஏ. அதுக்கு கொறஞ்சபட்சம் 22 கிலோ நியூட்டன் தாங்கணும், நம்ம பாஷையில ரெண்டு டன்னுக்கு மேல. முடிச்சு போட்டா அதுல மூணுல ஒரு பங்கு வரைக்கும் போயிரும்னு வெச்சுக்கங்க, அப்பவும் ஆளுக்கு தாராளம். வாது கட்டி இறக்குற கயித்தையும் ஆளு ஏறுற கயித்தையும் ஒண்ணா மூட்டைல போடாதீங்க, கலர் வேற வேறயா வாங்குங்க. வாது இறக்குன கயிறு ஒரு நாள்ல வாங்குற வெட்டு அடிய ஆளு கயிறு வருஷம் முழுக்க வாங்காது.

மரத்த சுத்தி போடுற குட்டை கயிறு சாதாரணமா இருக்கும், உள்ள ஸ்டீல் கம்பி வெச்சதும் இருக்கும். ஸ்டீல் வெச்சது கை ரம்பத்துக்கு தாக்கு புடிக்கும், மெஷினுக்கு முழுசா புடிக்காது, லைன் பக்கத்துல கரண்ட் கடத்தும். மெஷின் ஓட்டறப்ப மெயின் கயிறு ஒண்ணு, குட்டை கயிறு ஒண்ணு, ரெண்டும் மாட்டியிருக்கணும். இதுல பேரம் கெடையாது. ஒண்ண அறுத்துட்டாலும் இன்னொண்ணு இருக்கணும்ல.

இப்ப நீங்க கேட்ட மெஷினுக்கு வரேன். சொன்னா நம்ப மாட்டீங்க, நிழல் கழிக்கிற வேலையில பெரும்பகுதிக்கு மெஷினே வேணாம். கொடுவாள்ல வெட்டுனா ஒரு கை மரத்த புடிக்கும், ஒரு கை வீசும், தப்புனா சொந்த கயித்துலயே விழும், வெட்டுவாயும் கிழிஞ்சு நிக்கும். ஜப்பான்காரன் சில்க்கி மாதிரி இழுத்து அறுக்கிற வளைஞ்ச ரம்பம் இருக்கே, இடுப்புல உறையோட தொங்கும், கை தடிமன் வாது வரைக்கும் அலுங்காம போகும். லூதியானா ஃபால்கன் ரம்பமும் விலைக்கு பரவால்ல. கொடுவாளுக்கும் இதுக்கும் போட்டியே இல்ல, ரம்பம் தான்.

அதுக்கு மேல தடிமன்னா மெஷின். ஸ்டில் எம்.எஸ். 201 டி 35.2 சிசி, பாரும் (செயின் சுத்தி ஓடுற அலகு) செயினும் இல்லாம 3.7 கிலோ. பேட்டரில எம்.எஸ்.ஏ. 161 டி வெறும் உடம்பு 2.1 கிலோ, பேட்டரி போட்டா மூணு கிலோவ தாண்டிரும், அதனால எடைக்காக மட்டும் பேட்டரிக்கு போகாதீங்க. பேட்டரியோட லாபம் சத்தம் தான். கீழ இருக்கிறவன் நிறுத்துன்னு கத்துனா மேல கேக்கும், மரத்துல தொங்கிக்கிட்டு ஸ்டார்ட்டர் இழுக்க வேணாம். நஷ்டம் என்னன்னா மழை நாள்ல ஏற்காட்டுல கரண்ட் எப்ப போகும் எப்ப வரும்னு தெரியாது, ரெண்டு பேட்டரி சார்ஜ் ஆகாம நின்னா அன்னிக்கு கூலி போச்சு. அதுவும் இல்லாம பேட்டரி மெஷின் சும்மா அமைதியா இருக்கும், விரல் பட்டா ஓடும், லாக் போட மறக்காதீங்க. தினமும் வேலைன்னா பெட்ரோல், சேலம் டவுன் வீட்டு மரம் மாதிரி சில்லறை வேலைன்னா பேட்டரி. எதுவா இருந்தாலும் இந்த மாதிரி மேல பிடி வெச்ச மெஷின ஒத்த கையில ஓட்டாதீங்க, பார் மூக்கோட மேல் கால்வாசி மரத்துல பட்டுச்சுன்னா மூஞ்சிக்கு நேரா எகிறும்.

ஹெல்மெட்டுல ஒரே ஒரு விஷயம், தாடை பட்டி. கட்டட ஹெல்மெட்டு ஈ.என். 397ல பட்டி 150க்கும் 250க்கும் நடுவுல நியூட்டன் இழுத்தாலே விட்டுரணும், எங்கயாவது மாட்டுனா கழுத்து நெரிக்க கூடாதுன்னு. மலை ஏறுறவங்க போடுற ஈ.என். 12492 ஹெல்மெட்டு பட்டி 500 நியூட்டன் வரைக்கும் விடக் கூடாது. மேல தொங்குறவனுக்கு ரெண்டாவது, கீழ நிக்கிறவனுக்கு மொதல்லது போதும். காதடைப்பு, கண்ணாடி எல்லாம் எது கெடைச்சாலும் வாங்கிக்கங்க, பெருசா யோசிக்க ஒண்ணும் இல்ல.

மெஷின் ஓட்டுறவங்க போடுற பாதுகாப்பு பேன்ட்டுல டைப் ஏ முன்பக்கம் மட்டும் காக்கும், டைப் சி கால சுத்தி. தரையில நின்னு வெட்டுறவனுக்கு ஏ போதும், மரத்துல காலு எந்த பக்கம் இருக்கும்னு சொல்ல முடியாது, அதனால சி. உள்ள இருக்கிற நூலு செயின்ல சுத்தி நிறுத்தும், அவ்வளவு தான் சூட்சுமம். கிளாஸ் 1ன்னா, செயின் செகண்டுக்கு 20 மீட்டர் வேகத்துல ஓடுறதுக்கு சோதிச்சது. ஏற்காட்டுல போட்டுக்கலாம், சித்திரை மாசம் கீழ சேலம் சூரமங்கலத்துல டைப் சி போட்டு மரம் ஏறச் சொன்னா ஆளு வெயில்லயே விழுந்துருவான், அங்க காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சு பத்துக்குள்ள எறங்கிருங்க, இல்ல கை ரம்பத்தோட ஏறுங்க.

கடைசியா ஒண்ணு, சாமான் மேஸ்திரியோடதா ஆளோடதா. மெஷின், வாது இறக்குற கயிறு, மூங்கில் இதெல்லாம் மேஸ்திரி வாங்கி வெக்கட்டும். பெல்ட்டும் ஏறுற கயிறும் ஏறுறவன் கையிலயே இருக்கணும், காசு மேஸ்திரி குடுத்தாலும் சரி. இன்னிக்கு ஒருத்தன் நாளைக்கு ஒருத்தன்னு கைமாறுற கயித்துல யாரு மெஷின் பட்டத மறைச்சாங்கன்னு எவனுக்கும் தெரியாது. செகண்ட் ஹேண்ட்ல மெஷின் வாங்குங்க, மூங்கில் வாங்குங்க. கயிறு மட்டும் சீல் பிரிக்காததா வாங்குங்க.